கடல்மேல் ஒரு பந்தி



எங்கள் வள்ளியூரில் கடல் இல்லை. மேற்கே மகேந்திரகிரியும் அதனைத் தொடர்ந்த மலைகளும் நிற்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மலையிடைவெளி வழியாக வீசும் மேல்காற்று புழுதியை வாரி வந்து வீட்டுக்குள் போடும். கடலைப் பார்க்க வேண்டுமானால் உவரிக்கோ இடிந்தகரைக்கோ பேருந்து ஏற வேண்டும். இத்தகைய ஊரில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் ஒருவனுக்குச் சொகுசுக் கப்பற் பயணத்தைப் பற்றியும் அங்கே நடக்கும் விருந்தைப் பற்றியும் பேச என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை அத்தகைய கப்பலில் ஏறினேன். ஏறிய இடத்தில் செய்யத்தகாத செயல் ஒன்றைச் செய்தேன். அதை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

கப்பல் என்பது நம் வட்டாரத்துக்குப் புதிய பொருளன்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிச் சென்று கடை வைத்தவர்களும், கணக்கு எழுதியவர்களும், தோட்ட வேலைக்குச் சென்றவர்களும் நம் ஊர்கள்தோறும் இருந்தார்கள். அந்தக் கடல்வழியில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார். போட்டியைப் பொறுக்காத ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; இன்னும் குறைத்தது; இறுதியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று வரலாறு கூறுகிறது. இலவசக் குடை பிடித்தவனுக்கு அன்று மழை வெயில் இரண்டும் மறைந்திருக்கும்; கூடவே நாட்டின் நலனும் அவன் கண்ணுக்கு மறைந்திருக்கும். இந்தக் குடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சொகுசுக் கப்பலிலும் “எல்லாம் இலவசம்” என்னும் குடை ஒன்று விரிந்திருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

“எங்களுக்கு எதற்கு ஐயா சொகுசுக் கப்பல்?” என்று மாணவர்கள் எண்ணலாம். காலம் மாறி வருகிறது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பற் பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கிருந்தே இலங்கைக்கும் அத்தகைய கப்பல் சென்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. உங்களில் சிலர் நாளை பயணிகளாகக் கப்பலேறுவீர்கள். வேறு சிலர் உணவுத்துறையில் பயிற்சி பெற்று அதே கப்பலில் வேலை பார்ப்பீர்கள். இரு சாராருக்கும் இந்தப் பேச்சு பயன்படும்.

முதலில் பழைய காலத்துக் கப்பல் உணவைச் சற்றே பார்ப்போம். பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்காகச் சென்ற மாலுமிகளுக்குக் கல்போன்ற ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே உணவு. காயும் கனியும் காணாத அவர்களுடைய ஈறுகள் வீங்கின; பழைய புண்கள் மீண்டும் திறந்தன; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் நோயாளிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வொரு இருவருக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். நம் புளியங்குடிச் சந்தையில் குவியல் குவியலாகக் கிடக்கும் எலுமிச்சைக்குக் கடல்மேல் அத்தனை மதிப்பு இருந்தது.

1840ஆம் ஆண்டில் பிரிட்டானியா என்னும் நீராவிக் கப்பல் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது, பயணிகளுக்குப் பால் வேண்டுமென்று பசுமாட்டையே கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் பாலைக் கெடாமல் கொண்டுபோக வேறு வழி ஏது?

நம்மவர் கதையோ வேறு. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. அதில் அறை எடுத்துச் சென்றவர் சிலர். தளத்தில் பாய் விரித்துச் சென்றவரே பலர். என் பெரியப்பா அப்படித் தளத்தில் சென்றவர். புளிச்சோறும் எள்ளுத் துவையலும் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து புறப்பட்டதாகவும், கப்பலில் இரண்டாம் நாளே அலை தாங்காமல் தலைசுற்றிப் படுத்துவிட்டதாகவும், பக்கத்துப் பாயில் இருந்த முன்பின் அறியாத ஒருவர் தமக்குக் கொடுத்த கஞ்சியைப் பாதி இவருக்குப் பகிர்ந்ததாகவும் அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் திரும்பியபின் பினாங்கைப் பற்றிச் சொன்னதைவிட அந்தக் கஞ்சியைப் பற்றித்தான் அவர் அதிகம் சொன்னார்.

இனி இக்காலத்துக்கு வருவோம். இன்றைய உல்லாசக் கப்பல் மிதக்கும் நகரம். 2024 ஜனவரியில் தன் முதற் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலில் இருபது தளங்கள். ஏழாயிரத்து அறுநூறு பயணிகள் வரை ஏறலாம். பணியாளர் மட்டும் இரண்டாயிரத்து முந்நூற்றுக்கு மேல். எத்தனையோ சிற்றூர்களின் மக்கள்தொகை இதைவிடக் குறைவு. இத்தனை பேருக்கும் நாள்தோறும் மூன்று வேளை உணவு, இடையிடையே சிற்றுண்டி. குடிக்கும் நீரையும் கடல்நீரிலிருந்தே பெரும்பாலும் பிரித்தெடுத்துக் கொள்கிறார்கள்.

பெரும்பான்மையான கப்பல்களில் உணவு மூவகையாகக் கிடைக்கிறது. ஒன்று, பெரிய உணவுக்கூடம். இங்கே மேசை குறித்து, நேரம் குறித்து, பரிசாரகர் வந்து பரிமாறுவார். நம் கல்யாண வீட்டில் முதற்பந்தி இரண்டாம் பந்தி இருப்பதுபோல, இங்கும் மாலையில் முன்பந்தி பின்பந்தி உண்டு. இரண்டாவது, பலவகை உணவையும் வரிசையாக வைத்துப் பயணிகள் தாமே எடுத்துக்கொள்ளும் கூடம். இதனைப் பஃபே என்கிறார்கள். மூன்றாவது, தனிக் கட்டணம் செலுத்தி உண்ணும் சிறப்பு உணவகங்கள்.

இங்கேதான் நான் சொன்ன குடை விரிகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் பயணக் கட்டணத்தில் அடங்கும். மதுவும் பல பானங்களும் அடங்கா. சிறப்பு உணவகம், இணைய வசதி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் தனிப் பணம். பல கப்பல்களில் பணியாளர்க்குரிய சேவைக் கட்டணத்தை நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கப்பலில் ரொக்கம் கைமாறுவதில்லை. ஓர் அட்டையைக் காட்டினால் போதும். காசு கையைவிட்டுப் போவது தெரியாதபோது செலவும் தெரிவதில்லை. கடைசி நாளில் கணக்குச் சீட்டு வரும்போதுதான் தெரியும். ஆகவே, சீட்டு வாங்குமுன் எவை அடங்கும், எவை அடங்கா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாள்தோறும் ஒருமுறை கணக்கைப் பாருங்கள்.

அடுத்த யோசனை: உங்கள் உணவு வழக்கத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். மரக்கறி உணவே உண்பவர், வெங்காயம் பூண்டு நீக்கியவர், நிலக்கடலையோ மீனோ உடம்புக்கு ஒவ்வாதவர், சர்க்கரை நோயுள்ளவர் ஆகிய எவரும் சீட்டு எடுக்கும்போதே எழுதிக் கொடுப்பது நலம். ஏறிய முதல் நாளில் தலைமைப் பரிசாரகரிடம் மீண்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். உணவுப் பட்டியலில் உள்ள பெயர் புரியாவிட்டால் கேட்பதில் வெட்கம் வேண்டாம். தெரியாத பெயரைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு வரவழைத்துவிட்டு, வந்ததை உண்ணமுடியாமல் விழிப்பதுதான் வெட்கம். நான் அப்படியும் ஒருநாள் விழித்தேன்.

கடல்மயக்கம் பற்றியும் ஒரு சொல். நம் உட்செவியில் உடலின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. அறைக்குள் இருக்கும்போது கண் “ஒன்றும் அசையவில்லை” என்கிறது; செவியோ “அசைகிறது” என்கிறது. இவ்விரு சாட்சிகளின் முரண்பாட்டில் மூளை தடுமாறுகிறது, வயிறு புரட்டுகிறது. கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. அறை எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். தலைசுற்றினால் புத்தகத்தை மூடிவிட்டுத் திறந்த தளத்துக்குச் சென்று தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைவயிறும் வேண்டாம். உப்பு ரொட்டியோ சிறிது இஞ்சியோ போதும். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு, மயக்கம் வருமுன்னரே உட்கொள்ள வேண்டும்.

விருந்துக்குமுன் ஒரு பயிற்சி உண்டு. ஆபத்து வந்தால் எங்கே கூடுவது, உயிர்காப்புச் சட்டையை எப்படி அணிவது என்று காட்டுவார்கள். பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். 2012 ஜனவரி 13ஆம் நாள் இரவு கோஸ்டா கன்கார்டியா என்னும் கப்பல் இத்தாலியக் கரையருகே பாறையில் மோதியபோது, பயணிகளில் பலர் இரவு உணவில் அமர்ந்திருந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. முப்பத்திரண்டு பேர் இறந்தார்கள். கப்பல் புறப்படுமுன்போ, புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற விதி அதன்பின் வந்தது. ஆகவே, பயிற்சி முடிந்த பின்பே பந்தி என்று கொள்ளுங்கள்.

இப்பொழுது என் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் இருக்கும் என் மகளும் மருமகனும் ஐந்து இரவுக் கப்பற் பயணம் ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். கப்பல் மூன்றாம் நாள் பினாங்கைத் தொடும் என்றதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. பெரியப்பா பத்தாண்டு உழைத்த ஊரல்லவா?

எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். முதல் நாள் இரவு “வேறு ஏதாவது வேணுமா சார்?” என்று அவர் தமிழில் கேட்டார். அந்தப் பேச்சின் இழுப்பைக் கேட்டதும், “தம்பிக்கு எந்த ஊரு?” என்றேன். “ராதாபுரம் பக்கம் சார்” என்றார். நான் வள்ளியூர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா ஐயா! நான் வள்ளியூர் ஸ்டேஷன்லதான் ரயிலேறி வந்தேன்” என்றார். அந்தக் கணத்திலிருந்து நான் ‘சார்’ அல்லேன், ‘ஐயா’ ஆகிவிட்டேன். ஒப்பந்தம் எட்டு மாதம் என்றும், தங்கையின் திருமணக் கடன் இருக்கிறது என்றும் மறுநாள் சொன்னார். அன்று முதல் எனக்கு மட்டும் ஊறுகாய் ஒரு சிறு கிண்ணத்தில் தனியே வந்தது.

இரண்டாம் நாள் இரவு எனக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஒவ்வோர் அறையிலும் ஓர் அறிவிப்பு வைத்திருந்தார்கள்: இத்தகைய குறி கண்டால் உடனே மருத்துவ நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? அறையிலேயே இருக்கச் சொல்வார்கள். விடிந்தால் பினாங்கு. நான் சொல்லவில்லை. மகளிடமும் மறைத்தேன். காலையில் சற்றுத் தெளிந்ததும் பஃபே கூடத்துக்குச் சென்று, எல்லோரும் பிடிக்கும் கரண்டியைப் பிடித்து இட்டிலியும் தயிரும் எடுத்துக்கொண்டேன். அந்த இளைஞர் வந்து என் தட்டைத் தம் கையால் எடுத்துச் சென்றார். பினாங்கில் இறங்கினேன், தெருத்தெருவாய்ப் பார்த்தேன், மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

ஐந்தாம் நாள் எங்கள் மேசைக்கு வேறொருவர் வந்தார். “அவர் எங்கே?” என்று கேட்டேன். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கீழ்த்தளத்து அறையில் தனியே இருக்கிறார் என்று விடை வந்தது. என் கையிலிருந்த கவளம் கையிலேயே நின்றது.

எழுந்து நேரே மருத்துவ நிலையத்துக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். மருத்துவர் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. “மூன்று நாளைக்கு முன்பு சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லி எழுதிக்கொண்டார். கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவர்களே, இந்நோயின் தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல்களில் இவ்வாறு பரவும் வயிற்று நோய்க்குப் பெரும்பாலும் நோரோ என்னும் நச்சுயிரி காரணம். மிகச் சில நுண்துகள்கள் வயிற்றுக்குள் சென்றாலே போதும். பன்னிரண்டு மணி முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நோய் தோன்றும். நோயாளி தெளிந்த பின்னரும் அவரிடமிருந்து அது பரவக்கூடும். ஆகையால்தான் உணவுப் பணியாளர்கள் குணமானபின்னும் இரண்டு நாள் பணிக்கு வரக்கூடாது என்கிறார்கள். வாயிலில் வைத்திருக்கும் சாராயக் கலவைத் திரவத்தைக் கையில் தடவிக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த நச்சுயிரி அதற்கு எளிதில் மடிவதில்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு இருபது விநாடி நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே சரியான காப்பு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையலறைகளை அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையத்தார் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள்; எண்பத்தைந்தோ அதற்குக் கீழோ வந்தால் தோல்வி. நம் தேர்வைவிடக் கடினமான தேர்வுதான்! ஆனால், கப்பல் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் பயணி ஒருவன் உண்மையை மறைத்தால் அந்த நூறும் வீண்.

மற்றொன்று, உணவை வீணாக்குவது. பஃபே கூடத்தில் தட்டை மலையாகக் குவித்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டுப் போவோர் பலர். முதல் நாள் நானும் அப்படியே செய்தேன். தட்டில் மிஞ்சியது எங்கே போகிறது? கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் உணவுக் கழிவைக் கடலில் விடப் பன்னாட்டு விதி பொதுவாக இடந்தருகிறது. நுண்ணிதாக அரைத்துவிட்டால் மூன்று மைலுக்கு அப்பாலும் விடலாம். தனிக் காப்புள்ள கடல்களில் விதி கடுமையானது. பிளாஸ்டிக்கை எங்கும் போடக்கூடாது. அதைப் பிரிப்பதும் அரைப்பதும் துடைப்பதும் நம்மைப் போன்ற மனிதர்களின் வேலை. அவர்களுக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று, 2013 முதல் நடைமுறையில் இருப்பது, வற்புறுத்துகிறது. அப்படியானால் மீதிப் பதினான்கு மணி நேரம் வரை அவர்கள் உழைக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சிறிது சிறிதாக எடுங்கள். வேண்டுமானால் மீண்டும் செல்லுங்கள். பரிமாறுகிறவரைப் பெயர் சொல்லி அழையுங்கள், நன்றி சொல்லுங்கள்.

கப்பலைவிட்டு இறங்குமுன், அந்த இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதித் தலைமைப் பரிசாரகரிடம் கொடுத்தேன். நோய் என்னிடமிருந்துதான் அவருக்குச் சென்றது என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. வேறொருவரிடமிருந்தும் வந்திருக்கலாம். ஆனால், நான் மறைத்தேன் என்பது உறுதி. அதைத்தான் எழுதினேன், வள்ளியூர் முகவரியையும் எழுதினேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மாலையில் அவரே என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றார். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தார். நான் பேசத் தொடங்குமுன் அவரே பேசினார். “நோவு யாருக்கு வேணும்னாலும் வரும் ஐயா. அதுக்காக வருத்தப்படாதீங்க. நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, பயணிகள் கையிலே கரண்டியைக் கொடுத்திருக்க மாட்டோம். நாங்களே நின்னு பரிமாறியிருப்போம். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! அந்தச் சொல்லை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். நம் ஊர்ப் பந்தியில் உண்பவன் கையில் என்றைக்காவது கரண்டி இருந்திருக்கிறதா? இலைமுன் அமர்ந்தவன் வேண்டியதைக் கேட்பான். போதுமானால் கையைக் குறுக்கே நீட்டுவான். கரண்டி பரிமாறுகிறவர் கையில்தான். தட்டும் கரண்டியும் நம் கைக்கே வந்துவிட்ட இடத்தில், முன்பு பரிமாறுகிறவர் நமக்காகக் காத்த தூய்மையையும் அளவையும் நாமே காக்க வேண்டியிருக்கிறது. சொகுசுக் கப்பலில் உண்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

என் பெரியப்பா தளத்தில் பாய் விரித்துச் சென்றார். பக்கத்துப் பாய்க்காரர் கஞ்சியைப் பகிர்ந்தார். நான் மெத்தையில் படுத்துச் சென்றேன். நோயைப் பகிர்ந்தேனோ என்று இன்றும் அஞ்சுகிறேன். கப்பல் எவ்வளவு பெரியதாயினும் அதில் எல்லோரும் பக்கத்துப் பாய்க்காரர்களே. நீங்கள் கப்பலேறும் நாள் வரும். அன்று கையைக் கழுவுங்கள், அளவாக எடுங்கள், உடம்புக்கு ஏதேனும் வந்தால் ஒரு துறைமுகம் போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். பினாங்கு அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.